ஓர் ஆறு, இரு கரைகள்

உங்கள் பள்ளி நிலப்படத் தொகுப்பில் ஆசியாப் படத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையைப் படம் இல்லாமல் படிப்பது, தாளும் பென்சிலும் இல்லாமல் கணக்குப் போடுவது போன்றது.

படத்தின் உச்சியில், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே வண்ணத்தில் நீண்டு கிடப்பது ரஷ்யா. பரப்பில் உலகின் மிகப் பெரிய நாடு. சுமார் 1 கோடியே 71 லட்சம் சதுர கிலோமீட்டர். அதற்குத் தெற்கே சீனா. சுமார் 96 லட்சம் சதுர கிலோமீட்டர். அண்டை நாடுகளின் எண்ணிக்கையில் இவை இரண்டும் உலகில் முதலிடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ரஷ்யாவுக்கு 14 நாடுகள் நில எல்லையில் இருக்கின்றன, சீனாவுக்கும் 14. படத்தில் எண்ணிப் பாருங்கள்.

இரண்டுக்கும் நடுவே மங்கோலியா ஓர் ஆப்பைப் போலச் செருகிக்கொண்டு நிற்கிறது. ஆகவே ரஷ்ய-சீன எல்லை இரண்டு துண்டுகளாக உடைந்துவிட்டது. மேற்கே அல்டாய் மலைகளில் இருக்கும் துண்டு சுமார் 50 கிலோமீட்டர்தான். பனி மூடிய அந்தச் சிகரங்களின் வழியே சாலை கிடையாது. கிழக்கே இருக்கும் துண்டு 4,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. 1991-ல் சோவியத் யூனியன் கலையும் வரை மொத்த எல்லை 7,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. கஜகஸ்தான் போன்ற நாடுகள் தனியே பிரிந்தபின் அது குறுகிப்போயிற்று.

இனி மக்கள்தொகையைப் பாருங்கள். ரஷ்யாவில் 14 கோடிப் பேருக்குச் சற்று அதிகம். சீனாவில் 140 கோடிக்கும் மேல். சதுர கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் ரஷ்யாவில் 8 அல்லது 9 பேர். சீனாவில் சுமார் 147 பேர். (2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 555 பேர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், சீனாவே நமக்குக் காலியாகத் தோன்றும்!)

இந்த எண்களைப் பார்ப்பவர்களுக்கு உடனே ஓர் எண்ணம் எழுகிறது. நிரம்பி வழியும் குடத்தின் பக்கத்தில் ஒரு காலிக் குடம் இருக்கிறது. இன்றோ நாளையோ இதிலிருந்து அதற்குள் வழியத்தான் செய்யும் என்று. பல பத்தாண்டுகளாக உலகப் பத்திரிகைகளில் இப்படி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ரஷ்யாவின் கிழக்குப் பகுதியில் வாழும் மக்களிடையே இது ஓர் அச்சமாகவே இருந்துவந்திருக்கிறது. ஆனால் மக்கள் தண்ணீர் அல்லர். அந்தக் குடம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்காமல், அது நிரம்புமா நிரம்பாதா என்று சொல்ல முடியாது.

ஒரு வணிகர் தோண்டிய கிணறு

லீனா ஆற்றின் கரையில் யாகுட்ஸ்க் என்றொரு நகரம் உள்ளது. 1828-ஆம் ஆண்டில் அங்கே ஃபியோதர் ஷெர்கின் என்னும் வணிகக் கம்பெனி அலுவலர் தம் வீட்டு முற்றத்தில் குடிநீருக்காக ஒரு கிணறு தோண்டத் தொடங்கினார். சில மீட்டர் ஆழத்தில் மண் பாறையைப் போல இறுகியிருந்தது. ஊறி வரவேண்டிய நீரெல்லாம் மண்ணோடு மண்ணாக உறைந்திருந்தது. உறைந்த அடுக்கு எங்காவது முடியும், அதற்கும் கீழே நீர் இருக்கும் என்று எண்ணி அவர் தோண்டிக்கொண்டே போனார். ஒன்பது ஆண்டுகள் தோண்டினார். 1837-ல் நிறுத்தியபோது கிணற்றின் ஆழம் 116 மீட்டரைத் தாண்டியிருந்தது. ஒரு சொட்டு நீர் கிடைக்கவில்லை. அடி வரை உறைந்த மண்தான்.

கிணறாகத் தோற்றுப்போன அந்தப் பள்ளம் அறிவியலுக்குப் பெரும் பேறாக அமைந்தது. 1840-களில் மிடென்டார்ஃப் என்னும் ஆய்வாளர் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளை வைத்து அளந்தார். ஆழம் கூடக் கூடக் குளிர் சிறிது சிறிதாகக் குறைந்தது. ஆயினும் அடியிலும் வெப்பநிலை சுழிக்குக் கீழேதான் இருந்தது. புவியின் உள்வெப்பம் கீழிருந்து மேலே வருகிறது; குளிர்காலக் குளிர் மேலிருந்து கீழே இறங்குகிறது. இரண்டும் சமன்படும் ஆழம் வரை மண் உறைந்து கிடக்கிறது. இதை 'நிரந்தர உறைமண்' என்கிறோம். ரஷ்யாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இத்தகைய மண்தான்.

கோடையில் மேலே ஒன்றிரண்டு மீட்டர் மட்டும் இளகும். இளகிய நீர் கீழே இறங்க வழியின்றித் தேங்கி, தரையைச் சேறாக்கிவிடும். அங்கே நம்மைப் போல அடித்தளம் போட்டு வீடு கட்டினால் என்ன ஆகும்? வீட்டின் வெப்பமே அடியிலுள்ள உறைமண்ணை இளக்கிவிடும். வீடு ஒரு பக்கம் சாய்ந்து புதைந்துவிடும். ஆகவே யாகுட்ஸ்க் நகரில் பெரிய கட்டடங்களை, உறைமண்ணில் ஆழமாக இறக்கிய தூண்களின்மேல் கட்டுகிறார்கள். தரைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காற்று புகுந்து போக இடைவெளி இருக்கும். தண்ணீர்க் குழாய்களைக்கூடப் புதைப்பதில்லை. தரைக்கு மேலே, சாலை வந்தால் வளைவு போட்டுத் தாண்டிப் போகும்படி அமைக்கிறார்கள்.

இந்த உறைமண்ணில் ஒரு நன்மையும் உண்டு. யாகுட்ஸ்க் நகரில் ஆண்டுக்குப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 240 மில்லிமீட்டர்தான். சென்னையில் பெய்வதில் ஆறில் ஒரு பங்கு. இவ்வளவு குறைந்த மழையில் புல்வெளியோ பாலையோதான் இருக்க வேண்டும். ஆனால் அங்கே கண்ணுக்கு எட்டிய வரை காடு! உறைமண் கீழே தளம் போட்டதுபோல நீரைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. வேர்கள் மேலடுக்கிலேயே பரவி அதைக் குடிக்கின்றன. அங்கே மிகுந்துள்ள லார்ச் மரம் ஊசியிலை மரமாயிருந்தும் குளிர்காலத்தில் இலைகளை உதிர்த்துவிடும் விந்தையான மரம்.

குளிர் எவ்வளவு என்கிறீர்களா? வெர்கோயான்ஸ்க் என்னும் சிற்றூரில் 1892-ல் மைனஸ் 67.8 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அதே ஊரில் 2020 ஜூன் 20-ஆம் நாள் 38 டிகிரி வெயில் அடித்தது. ஒரே ஊரில் 105 டிகிரிக்கும் மேலான வேறுபாடு. கடல் தொலைவில் இருப்பதே இதற்குத் தலையாய காரணம். கடல் வெப்பத்தைச் சேமித்து வைத்து மெல்ல மெல்லக் கொடுக்கும். நிலத்துக்கு அந்தக் குணம் இல்லை. குளிர்காலத்தில் இங்கே குளிர்ந்து கனமான காற்று குவிந்து, பெரியதோர் உயரழுத்தப் பகுதி உருவாகிறது. அதிலிருந்து வெளியேறும் வறண்ட குளிர்காற்று சீனாவின் மேல் பாய்கிறது. அதனால்தான் வெனிஸ் நகரின் அட்சரேகைக்கு அருகிலேயே இருக்கும் சீனாவின் ஹார்பின் நகரில், ஜனவரி மாதச் சராசரி மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கிறது. வெனிஸில் அந்த மாதம் சுழிக்கு மேலேதான். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றுக்கும் ஆசிய நடுப்பகுதியின் இந்த உயரழுத்தத்தோடு உறவு உண்டு என்பது நீங்கள் பாடத்தில் படித்ததுதான்.

தப்பான திசையில் ஓடும் நீர்

ரஷ்யாவின் ஆசியப் பகுதியில் ஓப், எனிசே, லீனா என்று மூன்று பேராறுகள் ஓடுகின்றன. மூன்றும் வடக்கு நோக்கி ஓடி, ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் ஆர்க்டிக் கடலில் கலக்கின்றன. வசந்தத்தில் தெற்கே ஆற்றின் தலைப்பகுதி முதலில் இளகும். ஆனால் வடக்கே கீழ்ப்பகுதி உறைந்தே இருக்கும். மேலிருந்து வரும் வெள்ளமும் பனிக்கட்டிகளும் அங்கே முட்டி மோதி அணைபோல அடைத்துக்கொள்ளும். 2001 மே மாதத்தில் லீனா ஆறு இப்படி அடைபட்டு, லென்ஸ்க் என்னும் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது.

மக்கள் இல்லாத திசையில் இவ்வளவு நீர் வீணே போகிறதே என்று சோவியத் பொறியாளர்கள் நினைத்தார்கள். இந்த ஆறுகளில் சிலவற்றைத் தெற்கே திருப்பி மத்திய ஆசியாவின் வறண்ட நிலங்களுக்குப் பாய்ச்சத் திட்டம் தீட்டினார்கள். நாட்டின் ஐரோப்பியப் பகுதியில் பெச்சோரா ஆற்றைத் திருப்ப, கால்வாய் வெட்டும் சோதனையாக 1971 மார்ச்சில் மூன்று அணுகுண்டுகளையே நிலத்தடியில் வெடித்தார்கள். அங்கே கால்வாய் வரவில்லை, ஒரு குளம்தான் உண்டாயிற்று. சூழலுக்கு வரக்கூடிய கேட்டை எடுத்துக்காட்டி அறிவியலாளரும் எழுத்தாளரும் எதிர்த்தனர். செலவும் பெரியது. 1986-ல் திட்டம் கைவிடப்பட்டது.

சீனாவின் சிக்கல் வேறு. அங்கே நீர் தெற்கில். கோதுமை வயல்களும் பெருநகரங்களும் வடக்கில். 1997-ல் மஞ்சள் ஆற்றின் கடைப்பகுதி 226 நாட்கள் வறண்டு கிடந்தது. சீனா தன் ஆற்றைத் திருப்பியே விட்டது. யாங்சி ஆற்றின் கிளையாகிய ஹான் ஆற்றில் உள்ள தான்ஜியாங்கோ அணையிலிருந்து 1,400 கிலோமீட்டர் அளவுக்குக் கால்வாய் வெட்டி, மஞ்சள் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் அமைத்து, 2014 டிசம்பரில் பெய்ஜிங் நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சரிவிலேயே நீர் ஓடிவரும்படி அணையை உயர்த்த வேண்டியிருந்தது. அதற்காக 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தங்கள் ஊரை விட்டு எழுந்து போனார்கள். தலைநகரில் குழாயைத் திறப்பவருக்கு அந்த ஊர்களின் பெயர் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

படத்தில் ஒரு கோடு

சீனாவை மூன்று படிகள் கொண்ட மாடிப்படியாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேற்படி திபெத்தியப் பீடபூமி. சராசரி உயரம் 4,000 மீட்டருக்கும் மேல். நடுப்படி 1,000 முதல் 2,000 மீட்டர் வரையிலான பீடபூமிகளும் படுகைகளும். மஞ்சள் ஆற்றுக்கு அந்த நிறத்தைத் தரும் வண்டல் பீடபூமி இதில்தான் இருக்கிறது. பாலைநிலங்களிலிருந்து காற்று பல லட்சம் ஆண்டுகளாக அள்ளிக் கொட்டிய புழுதி அது. கடைசிப் படி, கிழக்கே கடலோரச் சமவெளி. அங்கேதான் பருவமழை பெய்கிறது. அங்கேதான் மக்கள் வாழ்கிறார்கள்.

இதை எண்ணால் முதலில் காட்டியவர் ஹூ ஹுவான்யோங் என்னும் புவியியலாளர். 1935-ல், கணிப்பொறி என்ற பேச்சே இல்லாத நாளில், மாவட்டம் மாவட்டமாக மக்கள்தொகைக் கணக்குகளைத் திரட்டி, நிலப்படத்தில் புள்ளி புள்ளியாக வைத்தார். பிறகு வடகிழக்கு மூலையில் ஐஹுன் என்னும் ஊரிலிருந்து தென்மேற்கே பர்மா எல்லைக்கு அருகிலுள்ள தெங்சோங் வரை சாய்வாக ஒரு நேர்கோடு இழுத்தார். கோட்டுக்குத் தென்கிழக்கே நாட்டின் நிலத்தில் 36 சதவீதம். மக்களில் 96 சதவீதம். வடமேற்கே நிலத்தில் 64 சதவீதம். மக்களில் 4 சதவீதம்! அதன்பின் போர், புரட்சி, பஞ்சம், தொழில் வளர்ச்சி எல்லாம் வந்து போயின. எல்லைகளும் மாறின. இன்று கணக்கெடுத்தாலும் 94-க்கு 6 என்றே நிற்கிறது. மழையும் உயரமும் போட்ட கோட்டை மனிதரால் அதிகம் நகர்த்த முடியவில்லை.

ரஷ்யாவுக்கும் இத்தகைய கோடு ஒன்று உண்டு; அது யூரல் மலைத்தொடர். அதற்கு மேற்கே நாட்டின் நிலத்தில் கால் பங்கு, மக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு. இப்போது படத்தை மறுபடி பாருங்கள். இரு நாடுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது பெரும்பாலும் மக்கள் குறைந்த ஓரங்களில்தான். முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கும் இருவரைப் போல, ஒருவர் ஐரோப்பாவை நோக்கியும் மற்றவர் பசிபிக் கடலை நோக்கியும் அமர்ந்திருக்கிறார்கள்.

நேரத்தில்கூட இருவரும் எதிரெதிர். ரஷ்யாவில் 11 நேர மண்டலங்கள். சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம் ஒன்றுதான். ஏறத்தாழ நம் கோயம்புத்தூருக்கு நேர் வடக்கே, மேற்குக் கோடியில் இருக்கும் காஷ்கர் நகரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பிற்பகல் மூன்று மணியைக் காட்டும்.

கறுப்பு டிராகன்

ஹூ இழுத்த கோடு தொடங்கும் ஐஹுன் எங்கே இருக்கிறது? ரஷ்ய-சீன எல்லையாகிய ஆற்றின் கரையிலேயே. இன்று அது ஹெய்ஹே நகரின் ஒரு பகுதி. அந்த ஆற்றை ரஷ்யர்கள் 'அமூர்' என்கிறார்கள். சீனர்கள் 'ஹெய்லோங்ஜியாங்' என்கிறார்கள். கறுப்பு டிராகன் ஆறு என்று பொருள். சதுப்பு நிலங்களில் மக்கிய இலைதழைகளால் நீர் கருமையாகத் தோன்றுவது உண்மைதான்.

ஷில்கா, அர்குன் என்ற இரண்டு ஆறுகள் கூடி அமூர் ஆகிறது. அங்கிருந்து கடல் வரை 2,824 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய ஆறாக இருந்தும் அதன் முதன்மை ஓட்டத்தில் குறுக்கே ஓர் அணையும் இல்லை, துணையாறுகளில்தான் உண்டு. சைபீரிய ஆறுகள் வடக்கே ஓட, இது மட்டும் கிழக்கே திரும்பிப் பசிபிக் பக்கம் போகிறது. மற்ற ஆறுகளில் பனி உருகும்போது வெள்ளம். இதிலோ கோடைப் பருவமழையால் வெள்ளம். நம் காவிரியில் ஆடிப்பெருக்கு வரும் அதே காலத்தில், மைனஸ் 30 டிகிரி குளிரும் காணும் அமூரிலும் பெருக்கு வருகிறது! ஒரே கண்டத்தின் பருவக்காற்று முறைதான் இரண்டுக்கும் ஆதாரம். 2013 செப்டம்பரில் கபரோவ்ஸ்க் நகரில் நீர்மட்டம் 808 சென்டிமீட்டரைத் தொட்டது. அதற்கு முந்தைய உச்சம் 1897-ல் கண்ட 642 சென்டிமீட்டர். இரு கரைகளிலும் ஊர்கள் மூழ்கின.

இந்த ஆறு எல்லையாவதற்கு முன் நடந்தவை பல. 1689-ல் நெர்ச்சின்ஸ்க் என்னுமிடத்தில் இரு பேரரசுகளும் செய்த உடன்படிக்கையின் அதிகாரபூர்வ வடிவம் லத்தீன் மொழியில் எழுதப்பட்டது. சீனப் பேரரசரிடம் பணியாற்றிய ஏசு சபைத் துறவிகளே மொழிபெயர்ப்பாளர்கள். அப்போது ஆற்றின் இரு கரைகளும் சீனப் பேரரசிடமே இருந்தன. 1858, 1860 ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வடகரையும் கடலோரப் பகுதியும் ரஷ்யாவுக்குப் போயின. அந்நாளில் எழுந்த ரஷ்ய நகரம் பிளகோவெஷ்சென்ஸ்க். ஹெய்ஹேக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெயருக்கு 'நற்செய்தி' தொடர்பான பொருள் உண்டு. ஆனால் 1900 ஜூலையில் அந்நகரில் வாழ்ந்த சீன மக்களை ஆற்றுக்குள் விரட்டினார்கள். பல ஆயிரம் பேர் நீரில் மாண்டனர். எதிர்க்கரை இன்றும் அதை மறக்கவில்லை.

1969 மார்ச்சில், அமூரின் துணையாறான உசூரியில் உள்ள ஒரு சிறு தீவுக்காக இரு நாட்டுப் படைகளும் சுட்டுக்கொண்டன. ஆற்றை எல்லையாக வைப்பதில் உள்ள இடர்ப்பாட்டை இங்கே அறிந்துகொள்ளலாம். எல்லை எது? கரையா, நட்ட நடுவா? ஆற்றில் கப்பல் செல்லும் ஆழமான ஓட்டத்தின் நடுவே எல்லையை வைப்பது இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் முறை. ஆனால் ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரையை அரிக்கும். உட்பக்கம் மணலைப் படியவைக்கும். ஆழமான ஓட்டமே இடம் மாறிவிடும். தீவுகள் பிறக்கும், மறையும், கரையோடு ஒட்டிக்கொள்ளும். 1991-லும் 2004-லும் கையெழுத்தான உடன்பாடுகளின்படி தீவு தீவாகப் பங்கிட்டு, 2008 அக்டோபரில் கபரோவ்ஸ்க் அருகே கடைசிப் பங்கீட்டையும் முடித்தார்கள். அங்குள்ள ஒரு பெரிய தீவின் நடுவே இப்போது எல்லைக்கோடு போகிறது.

எல்லை முடிந்தாலும் ஆறு முடியவில்லை. 2005 நவம்பர் 13 அன்று சீனாவின் ஜிலின் நகரில் ஒரு வேதியியல் ஆலையில் வெடிவிபத்து நிகழ்ந்தது. சுமார் 100 டன் பென்சீன் வகைப் பொருட்கள் சுங்ஹுவா ஆற்றில் கலந்தன. கீழே இருந்த ஹார்பின் நகரம் நான்கு நாட்கள் குழாய்த் தண்ணீரையே நிறுத்திவிட்டது. பல லட்சம் மக்கள் புட்டித் தண்ணீருக்கு அலைந்தார்கள். நஞ்சு அங்கே நிற்கவில்லை. டிசம்பரில் அமூரில் கலந்து கபரோவ்ஸ்க் நகரை அடைந்தது. நகரின் நீர் எடுக்கும் இடத்தைக் காக்க ஒரு கால்வாயில் தற்காலிக அணை கட்டினார்கள். நீரைச் சுத்திகரிக்கச் சீனா கரித்தூள் அனுப்பியது. மேற்கரையில் தெளித்தது கீழ்க்கரைக்கு வந்து சேர ஐந்து வாரங்கள் ஆயின.

சத்தமில்லாமல் நடந்த இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். அமூரும் சுங்ஹுவாவும் உசூரியும் கூடும் சீனச் சமவெளி ஒரு காலத்தில் பெரும் சதுப்பு நிலமாக இருந்தது. கொக்குகளும் நாரைகளும் வாழ்ந்த இடம். 1950-களிலிருந்து வடிகால் வெட்டி, அரசுப் பண்ணைகள் அமைத்து, அதன் பெரும்பகுதியை வயலாக்கினார்கள். இன்று ஹெய்லோங்ஜியாங் மாகாணம் சீனாவின் முதன்மையான தானியக் களஞ்சியம். கறுப்பு மண்ணில் நெல்லும் சோயா மொச்சையும் மக்காச்சோளமும் விளைகின்றன. இதைக் குறைசொல்வது நமக்கு எளிது. சோறு வேண்டியவர்களுக்கு எளிதன்று. ஆனால் ஜப்பானிய அறிவியலாளர்கள் கண்டது ஒன்று உண்டு. சதுப்பு நிலத்தின் மக்கிய பொருளோடு சேர்ந்து கரையும் இரும்புச்சத்தை அமூர் ஓகோட்ஸ்க் கடலுக்குக் கொண்டுபோகிறது. கடல்நீரில் இரும்பு மிக அரிது. மிதவைப் பாசிகளுக்கு அது கட்டாயம் தேவை. அந்தப் பாசிகளை நம்பியே அங்குள்ள மீன்வளம் இருக்கிறது. வயலாகிப்போன சதுப்பின் விளைவு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மீனவரின் வலையில் தெரியக்கூடும்.

குடங்கள் இரண்டும்

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். வடகரையில் மக்கள் குறைவு என்பது உண்மை. ரஷ்யத் தூரக்கிழக்கு வட்டாரம் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதம். மக்களோ 80 லட்சத்துக்கும் குறைவு. சோவியத் காலத்தில் கூடுதல் சம்பளம் கொடுத்து மக்களைக் குடியேற்றினார்கள். அந்தச் சலுகைகள் போனதும் பலர் மேற்கே திரும்பிவிட்டார்கள்.

தென்கரை நிரம்பிய குடமா? அதுவும் ஒரு காலத்தில் காலியாக வைக்கப்பட்டிருந்த இடமே. மஞ்சூரியாவைத் தங்கள் பூர்வீக நிலமென்று கருதிய சிங் பேரரசர்கள், சீன உழவர்கள் அங்கே குடியேறுவதை நெடுங்காலம் தடுத்தார்கள். ரஷ்யர்கள் வடகரைக்கு வந்த பின்னர்தான் தடையைத் தளர்த்தினார்கள். அதன்பின் 1890-களிலிருந்து சுமார் ஐம்பது ஆண்டுகளில், ஷாண்டுங் முதலிய பகுதிகளிலிருந்து இரண்டரைக் கோடிப் பேர் வடக்கே போனதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள்.

இன்றைய நிலை என்ன? ஹெய்லோங்ஜியாங்கில் 2010-ல் 3 கோடியே 83 லட்சம் மக்கள். 2020-ல் 3 கோடியே 18 லட்சம். வடகிழக்கின் மூன்று மாகாணங்களும் சேர்ந்து அந்தப் பத்தாண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை இழந்தன. பழைய ஆலைகள் மூடப்பட்டன, பிறப்பு குறைந்தது, இளைஞர்கள் தெற்கே ஷாங்காய்க்கும் குவாங்டோங் பகுதிக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள். சீனா முழுவதிலுமே 2022 முதல் மக்கள்தொகை குறையத் தொடங்கிவிட்டது. ஆக, எல்லையில் நிரம்பிய குடம் ஒன்றும் காலிக் குடம் ஒன்றும் இல்லை. இரண்டுமே வடிந்துகொண்டிருக்கின்றன. சீன இளைஞன் ஒருவன் பிழைப்புத் தேடிப் புறப்பட்டால், சம்பளம் உயர்ந்த, வெயில் உள்ள திசையைத்தான் பார்க்கிறான். ஷெர்கின் கிணறு தோண்டிய திசையைப் பார்ப்பதில்லை.

கரைகளைக் கடப்பவை மக்களைவிடப் பண்டங்களே. 1969-க்குப் பின் நெடுநாள் மூடிக்கிடந்த ஹெய்ஹே துறையில், 1987-ல் ஒரு படகு 200 டன்னுக்கு மேல் தர்பூசணிப் பழங்களை ஏற்றிக்கொண்டு வடகரைக்குப் போயிற்று. பதிலுக்கு வந்தது சோவியத் உரம். பணமே கைமாறாத பண்டமாற்று! 2019 டிசம்பரில் சைபீரிய இயற்கை வாயு குழாய் வழியே சீனாவுக்கு வரத் தொடங்கியது. பிளகோவெஷ்சென்ஸ்க்கையும் ஹெய்ஹேயையும் இணைக்கும் சாலைப் பாலம் 2022 ஜூனில் திறக்கப்பட்டது. அது வரும்வரை கோடையில் படகு. ஆறு உறைந்தபின் பனிக்கட்டியின்மேல் மிதவைப் பாதையும் காற்றணை வண்டியும்தான். அதே ஆண்டு நவம்பரில் கீழ்ப்பக்கம் ஒரு ரயில் பாலமும் வந்தது. ரஷ்ய ரயில்பாதையின் அகலம் 1,520 மில்லிமீட்டர், சீனப்பாதை 1,435 மில்லிமீட்டர். இந்த 85 மில்லிமீட்டர் வேறுபாட்டுக்காக, எல்லையில் பயணி ரயில்பெட்டிகளைத் தூக்கி நிறுத்திச் சக்கரத் தொகுதிகளை மாற்றுவது வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. புதிய பாலத்தில் இரண்டு அகலங்களுக்கும் பொருந்துமாறு தண்டவாளம் போட்டிருக்கிறார்கள்.

பாலமும் அனுமதிச்சீட்டும் தேவைப்படாத பயணிகளும் உண்டு. 1940-களில் அமூர்ப் புலி ஐம்பதுக்கும் கீழே குறைந்துபோயிருந்தது. வேட்டையைத் தடைசெய்து ரஷ்யா காப்பாற்றியதால் இன்று பல நூறாகப் பெருகியிருக்கிறது. சீனாவும் 2021-ல் எல்லையோரத்தில் 14,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் புலி, சிறுத்தைத் தேசியப் பூங்கா ஒன்றை அமைத்தது. 2014-ல், தாயை இழந்து ரஷ்யாவில் வளர்க்கப்பட்ட சில புலிக்குட்டிகளைக் கழுத்தில் வானொலிப் பட்டை கட்டிக் காட்டில் விட்டார்கள். அவற்றில் குஸ்யா என்னும் புலி அக்டோபரில் அமூரை நீந்திச் சீனாவுக்குள் நுழைந்துவிட்டது. அந்தப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கோழிக்கூண்டு உடைபட்டுக் கோழிகள் காணாமற்போயின. குஸ்யாமீதுதான் எல்லோருக்கும் சந்தேகம். சீன வனத்துறையினர் அதைப் பிடிக்காமல், கண்காணித்துக்கொண்டே இருந்தார்கள். டிசம்பரில் ஆறு உறைந்ததும் அது பனிக்கட்டியின்மேல் நடந்து வடகரைக்குத் திரும்பிவிட்டது.